எப்போதும் போல இருங்கள்

பேராசிரியர் ஷஃபாயெத்தைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும். இனிக்க இனிக்கப் பேசுவார். மாணவர்களின் கல்யாணத்துக்குத் தவறாமல் வருவார். எந்த மாணவனின் அப்பாவுக்கு எந்த ஊரில் ஆபரேஷன் நடந்தது என்பது வரை ஞாபகம் வைத்திருப்பார். அதனால்தான் அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை.

புதிது புதிதாகக் கிளம்பும் தொற்றுநோய்களை ஆராய டாக்டர் பட்ட மாணவர்களைத் தயார் செய்யும் திட்டம் அவருடையது. வெளிநாட்டுப் பணம், டாக்காவில் அலுவலகம், எங்கள் ராஜ்பாரி மாவட்டத்தில் கள அலுவலகம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நோயைக் கொடுப்பார். ஒருவனுக்கு டெங்கு, ஒருத்திக்குக் கருங்காய்ச்சல். ராஜ்பாரிக்காரி என்பதாலும் ஈச்சமரத்தடியில் வளர்ந்தவள் என்பதாலும் எனக்கு நிபா.

நிபா பழந்தின்னி வௌவாலிடமிருந்து வருகிறது. குளிர்காலத்தில் ஈச்சமரத்தின் கழுத்தைச் சீவிக் கலயம் கட்டிவிட்டால் இரவெல்லாம் பதநீர் சொட்டும். வௌவால் வந்து நக்கும், கலயத்துக்குள் மூத்திரமும் பெய்யும். விடிந்ததும் அதைப் பச்சையாகக் குடிக்கிறவர்களில் யாருக்காவது காய்ச்சல் வரும், புத்தி தடுமாறும், மூளை வீங்கும். பத்துப் பேருக்கு வந்தால் ஏழு பேரைக் குழிக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓயும். மருந்து கிடையாது. பதநீரைக் காய்ச்சிவிட்டால் பயமில்லை. பச்சையாகத்தான் குடிப்பேன் என்றால், சீவிய இடத்தையும் கலயத்தின் வாயையும் மூங்கில் தட்டியால் மூடிக் கட்ட வேண்டும். வௌவால் அண்டாது.

என் ஆராய்ச்சி இதுதான்: சில ஊர்களில் தட்டி கட்டுவது, சில ஊர்களில் கட்டாமல் விடுவது. எல்லா ஊரிலும் மரத்தில் கேமரா வைத்து, வௌவால் எங்கே அதிகம் வருகிறது என்று எண்ணுவது.

"தட்டி கட்டினா வௌவால் வராதுன்னு ஏற்கெனவே தெரியுமே சார்? மறுபடி எதுக்கு?" என்று முதல் நாளே கேட்டேன்.

"இவ்வளவு பெரிய அளவுல யாரும் பண்ணல ஜபின். ஒப்பிட்டுக் காட்டலைன்னா எந்த ஆராய்ச்சிப் பத்திரிகையும் போட மாட்டான். உனக்கு டாக்டர் பட்டம் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாயை மூடிக்கொண்டேன்.

தட்டி கட்டாத ஊர்களில் ஒன்று சோனாடாங்கி. அங்கே பள்ளிக்கூட மைதானத்தில் ஊரைக் கூட்டி வைத்து சார் பேசினார். தூய வெள்ளைப் பஞ்சாபிச் சட்டையும் சால்வையுமாக நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் பாஷையிலேயே பேசினார். "நாங்க உங்க ஊர்ல எதையும் மாத்த வரல. மரத்துல கேமரா மட்டும் இருக்கும். நீங்க எப்பவும் போல இருங்க." ஆய்வுக்குழு அனுமதித்த வாசகம் அது. அதற்கு மேல் ஒரு சொல் பேசக்கூடாது என்பது எங்களுக்கு உத்தரவு.

சோனாடாங்கியில் அதிக மரம் சீவுகிறவர் தோராப் அலி. ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த ஆள், இடுப்புக் கயிறும் அரிவாளுமாகவே திரிவார். அவருடைய மரங்களில்தான் எங்கள் கேமராக்கள் இருந்தன. நான் அவரைச் சாச்சா என்றும், அவர் மனைவி மொமேனாவைச் சாச்சி என்றும் கூப்பிடுவேன்.

பௌஷ் மாதக் குளிரில் ஒரு காலை, அவர்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து முந்தின இரவின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளத்தங்கரை மரம். ஒரு படத்தில் வௌவால் சீவிய இடத்தில் ஒட்டிக்கொண்டு நாக்கை நீட்டியிருந்தது. அடுத்த படத்தில் தலையை மேலே திருப்பி, பின்பக்கத்தைக் கலயத்தின் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டிருந்தது. வௌவால் எதற்கு அப்படித் திரும்பித் தொங்கும் என்பது எனக்குத் தெரியும்.

கணினியைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். "சாச்சி, குளத்தங்கரைக் கலயம் எங்க?"

"எங்க போகும், அடுப்புலதான்." பெரிய தகரத் தட்டில் பதநீர் கொதித்துச் செந்நுரை தள்ளிக்கொண்டிருந்தது. வெல்லம் காய்ச்சுகிற தட்டு. "என்னம்மா மூச்சு வாங்குது? பேய் துரத்துச்சா?"

காய்ச்சினால் பயமில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் மொமேனா சாச்சி சந்தோஷமாகச் சொன்னாள்: "நாளைக்கு மாப்பிள்ளை வர்றாரு. கல்யாணத்துக்கப்புறம் முதல் குளிர்காலம். அவருக்குன்னே பக்கத்து மரத்த மூணு நாளா சீவாம ஓய்வுல விட்டிருக்கு. இன்னிக்கு ராத்திரி கலயம் கட்டினா விடியும்போது தேன் மாதிரி இருக்கும். நீயும் வந்துரு. பொரியோட குடிக்கலாம்."

ஓய்வு கொடுத்த மரத்தின் முதல் பதநீரை எங்கள் பக்கத்தில் யாரும் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். மாப்பிள்ளைக்கு அதைப் பச்சையாகக் கொடுப்பதில்தான் மாமியாரின் கௌரவமே இருக்கிறது.

"பச்சையாவா குடிக்கிறீங்க? ரேடியோல அவ்வளவு சொன்னாங்களே சாச்சி?"

"கேட்டோமே. கேட்டு ரெண்டு குளிர்காலம் நாக்கக் கட்டித்தான் கெடந்தோம். அடுத்த போலீஸ் தானா எல்லையில ஒரு வீட்டுல அப்பனும் மகளும் போனாங்கல்ல, அந்தப் பயம். ஊரே காய்ச்சித்தான் குடிச்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உங்க பெரிய சார் வந்தாருல்ல. எப்பவும் போல இருங்கன்னு சொன்னாருல்ல. இவ்வளவு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு, இனி என்ன பயம்? மறுநாள் விடியும்போதே ஊருல எல்லாரும் ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிச்சோம். திருநா மாதிரி இருந்துச்சு போ."

நாங்கள் எதையும் மாற்றவில்லை என்றுதான் ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதிக்கொண்டிருந்தோம். ஒழுங்காகக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்த ஊரை, சால்வை போர்த்திய ஒரு மனிதர் கையைக் கட்டிக்கொண்டு சொன்ன ஒரு வாக்கியம் திரும்பவும் பச்சைப் பதநீருக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அவர்களுக்கு அது அனுமதிச் சீட்டாகப் பட்டிருக்கிறது. படாமல் என்ன செய்யும்?

வயல் வரப்பில் நின்று சாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது அவங்களாப் புரிஞ்சுக்கிட்டது ஜபின். நாம குடிங்கன்னு சொல்லவே இல்லையே?"

"சார், நாம சொன்னதுனாலதான் குடிக்கிறாங்க. நான் இப்பவே போய் விஷயத்தச் சொல்லித் தட்டி கட்டச் சொல்றேன்."

"அவசரப்படாதே. சீசன் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். ஒரு ஊர் கெட்டா மொத்த ஒப்பீடும் கெடும். நூறு கலயம் குடிச்சாலும் நோய் வர்ற வாய்ப்பு எவ்வளவுன்னு உனக்கே தெரியும். துளியூண்டு."

"துளியூண்டுன்னா பரவாயில்லையா சார்? பத்துல ஏழு பேர் சாகுற நோய்."

"உணர்ச்சிவசப்படறவங்க ஆராய்ச்சிக்கு ஆக மாட்டாங்க. நாளைக்குக் காலைல நானே வர்றேன். அதுவரைக்கும் வாயத் திறக்காதே. திறந்தா உன் தீசிஸ மறந்துரு."

வாயைத் திறந்தேன். போனை வைத்த கையோடு தோராப் சாச்சாவிடம் போய் வௌவால், மூத்திரம், காய்ச்சல், சாவு, நாளைக்கு சார் வரப்போவது என்று ஒன்று விடாமல் கொட்டினேன். அவர் அரிவாளைத் தீட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் சிரித்தார்.

"நீ படிக்கிற பொண்ணு. இன்னும் பாஸ் பண்ணல. பெரிய சாருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"அவருக்கும் தெரியும் சாச்சா. தெரிஞ்சுதான் சொல்லாம இருக்காரு."

அவர் முகம் மாறிவிட்டது. "பெரியவங்களப் பத்தி அப்படிப் பேசாதம்மா. என்னையும் ஒரு மனுஷன்னு மதிச்சு என் கையப் பிடிச்சு, எதையும் மாத்தாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"சரி, நீங்க மாத்த வேண்டாம். நான் கட்டறேன் தட்டிய."

மூங்கில் வெட்டி, பிளந்து, சாயங்காலத்துக்குள் ஒரு தட்டி முடைந்தும்விட்டேன். கை இரண்டும் சிராய்ப்பு. அதைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனால் தோராப் சாச்சா அங்கே கயிற்றோடு நின்றுகொண்டிருந்தார். என் கையிலிருந்து தட்டியை மரியாதையாக வாங்கி, மாட்டுக் கொட்டிலுக்குள் சாய்த்து வைத்தார். எங்கள் ஆய்வின் ஒழுங்கை எங்களைவிட நேர்மையாகக் காப்பாற்றியவர் அவர்தான். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

மறுநாள் பனி விலகுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். கலயத்தை இறக்கியாகிவிட்டது. துணியில் வடிகட்டிப் பெரிய அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றி வைத்திருந்தார்கள். சுற்றிலும் கண்ணாடிக் கிளாஸ்கள், பொரிக் கூடை, பாலில் ஊறிய பித்தாப் பலகாரம். புது மாப்பிள்ளை ரொக்கிபுல் புதுச் சட்டையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் தோராப் சாச்சாவின் மகள் ஷெஃபாலி. அக்கம்பக்கத்து ஜனம் முற்றம் நிறைய.

கேமராவைக் கழற்றிப் படத்தைப் பார்த்தேன். வந்திருந்தது. இந்த மரத்துக்கும் வௌவால் வந்திருந்தது. ஒன்று இல்லை, இரண்டு.

"குடிக்காதீங்க. இங்க பாருங்க," என்று கணினியை எல்லார் முகத்துக்கும் நேரே திருப்பினேன். கறுப்பு வெள்ளையில், பனியில் கலங்கிய படம்.

ரொக்கிபுல் எட்டிப் பார்த்தான். "எனக்கு முன்னாடியே வேற ரெண்டு மாப்பிள்ளைங்க விருந்துக்கு வந்துட்டாங்க போல," என்றான். முற்றமே சிரித்தது.

"சிரிக்கிற விஷயம் இல்ல தம்பி."

"ஆப்பா," என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டான். "எங்க ஊர்லயும் வௌவால் இருக்கு. எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் இதத்தான் குடிச்சாரு."

"சும்மா இருங்க மாப்பிள்ளை," என்றார் தோராப் சாச்சா. என்னைப் பார்த்தார். "இப்ப என்ன, பெரிய சார் வர்றாருன்னுதானே சொன்னே? நல்லதாப் போச்சு. அவரு முதல் கிளாஸ் குடிக்கட்டும். அப்புறம் மாப்பிள்ளை. அப்புறம் நாங்க. அவரு வாய் வைக்காம எங்க வீட்டுல யாரும் தொட மாட்டோம். திருப்தியா?"

அதற்கு மேல் நான் வேறு என்ன கேட்பேன்? பாத்திரத்துக்குப் பக்கத்தில் காவல் நாய் மாதிரி நின்றுகொண்டேன்.

சாரின் ஜீப் வந்தது. இறங்கும்போதே சிரிப்பு. தோராப் சாச்சாவைக் கட்டிக்கொண்டார், மாப்பிள்ளையின் வேலையை விசாரித்தார், ஷெஃபாலியின் தலையில் கை வைத்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. நல்ல நாற்காலியை இழுத்துப்போட்டு, துண்டால் தட்டி, உட்கார வைத்தார்கள்.

தோராப் சாச்சா இரண்டு கையாலும் கிளாஸை நீட்டினார். "ஓய்வு குடுத்த மரத்துப் பதநீர் சார். நீங்கதான் முதல்ல."

சாரின் கை பாதி வரை வந்தது. நின்றது. "அடடா, தோராப் மியா. எனக்குச் சுகர் இருக்கே. டாக்டர் இனிப்பத் தொடக்கூடாதுன்னுட்டாரு. மாப்பிள்ளைக்குக் குடுங்க."

"ஒரே ஒரு வாய் சார். நீங்க வாய் வச்சாத்தான் நாங்க குடிக்கணும்னு பேச்சு."

"இல்ல இல்ல, நீங்க குடிங்க. நான் பாத்து சந்தோஷப்படறேன்."

குடிங்க என்றே சொல்லிவிட்டார். நேற்று போனில் எதைச் சொல்லவே இல்லை என்றாரோ, அதை. "குடிங்க சார்," என்றேன். "வாய்ப்பு துளியூண்டுதானே? நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

"மஹ்ஜபின், நீ போய் வண்டில உக்காரு."

"போறேன் சார். நீங்க ஒரு வாய் குடிச்சதும் போறேன்."

தோராப் சாச்சாவின் கிளாஸ் நீட்டியபடியே இருந்தது. அப்போது மொமேனா சாச்சி, வேறு எந்த நினைப்பும் இல்லாமல், விருந்தாளியை வற்புறுத்துகிற எல்லா வீட்டுக்காரிகளையும் போலக் கேட்டாள்: "சுகர்னு சொல்றீங்க, போன தடவை வந்தப்போ பெரிய பானை நிறையப் புது வெல்லம் வாங்கிட்டுப் போனீங்களே சார்? இங்கயே உடைச்சு ரெண்டு துண்டு வாயில போட்டீங்களே?"

"அது காய்ச்சினதும்மா, அது வேற," என்றார் சார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. மற்றவர்களுக்கு அதற்கு முன்பே கேட்டுவிட்டது. ஷெஃபாலி தன் புருஷன் பக்கமிருந்த கிளாஸைக் காலால் தள்ளினாள். யாரும் சிரிக்கவில்லை.

தோராப் சாச்சா நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். கிளாஸை மண்ணில் கவிழ்த்தார். பிறகு பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, மூன்று நாள் காத்திருந்து எடுத்த பதநீர் முழுவதையும் முற்றத்தில் ஊற்றினார். "என் கையப் பிடிச்சீங்களே சார்," என்றார். "அன்னிக்கு இந்தக் கையத்தானே பிடிச்சீங்க?"

சார் எழுந்துவிட்டார். "தோராப் மியா, அறிவியல்ல சில நடைமுறை இருக்கு. நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க..."

அதற்குள் மொமேனா சாச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். "சாஹேராவுக்கு அனுப்பிட்டேனே. விடியறதுக்கு முன்னாடியே ஒரு சொம்பு குடுத்து அனுப்பிட்டேனே."

சாஹேரா அவள் தங்கை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. ஓடினோம். சாச்சியின் செருப்பு வழியிலேயே கழன்று விழுந்தது. சாஹேரா வாசலில் உட்கார்ந்து முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் சொம்பு காலியாகக் கிடந்தது. அவளுடைய சின்ன மகன் மடியில் படுத்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"குடிச்சிட்டீங்களா?" என்று மொமேனா சாச்சி கத்தினாள்.

"நான் ஒரு மடக்குத்தான். மிச்சமெல்லாம் இவனே குடிச்சிட்டான். ஏன் புபு, என்னக்கா ஆச்சு? இனிப்பா இருந்துச்சுன்னு விடவே மாட்டேன்னுட்டான்."

மொமேனா சாச்சி அவளிடம் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிக்க முடியாமல் சேலையை வாயில் அடைத்துக்கொண்டாள். மீதியை நான் சொன்னேன்.

சார் பின்னாலேயே வந்துவிட்டார். நிலைமையைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பழைய சார் ஆகிவிட்டார். என்னை வேலியோரம் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நடந்தது நடந்துருச்சு. கோபத்த விடு. குடிச்ச நேரம் தெரியும், எந்தக் கலயம்னு தெரியும், வௌவால் வந்த படமே கையில இருக்கு. இந்த மாதிரி யாருக்கும் அமைஞ்சதில்ல. இன்னிக்கே ரத்தம் எடு, வாரா வாரம் எடு. நோய் வந்தாலும் சரி, வரலைன்னாலும் சரி, உன் தீசிஸ்ல இதுதான் நல்ல அத்தியாயமா இருக்கும். நான் உன்னை எங்கயும் விட்டுர மாட்டேன்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். என்னைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் சொன்னார். அந்தப் பிள்ளை அவருடைய தோளுக்கு அப்பால், பத்தடி தூரத்தில், அம்மாவின் சேலை நுனியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"உங்க அத்தியாயத்தக் கொண்டுபோய் ஆத்துல போடுங்க சார்," என்றேன். "ரத்தம் எடுப்பேன். அவனுக்காக எடுப்பேன். காய்ச்சல் வருதான்னு ராவும் பகலும் இங்கயே கெடந்து பாப்பேன். ஒரு வரி எழுத மாட்டேன். உங்களையும் எழுத விட மாட்டேன்."

"முட்டாள்தனமா வாழ்க்கைய அழிச்சுக்காதே."

"என் வாழ்க்கையப் பத்தியா சார் பேசறோம் இப்ப?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஜீப் இருக்கும் பக்கம் நடந்தார். நான் சாஹேராவிடம் திரும்பினேன். அவள் மகனை இறுக்கி அணைத்திருந்தாள். அழவில்லை. அவள் பார்வை என் கழுத்தில் தொங்கிய திட்டத்தின் அடையாள அட்டையில் இருந்தது.

"இவனுக்கு வந்துருமா ஆப்பா?"

"வராமலும் போகலாம். நிறையப் பேருக்கு வராது. காய்ச்சல் அடிச்சா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது, ஃபரித்பூர் பெரியாஸ்பத்திரிக்கு நானே தூக்கிட்டுப் போறேன். இங்கயேதான் இருப்பேன்."

"ஆஸ்பத்திரில மருந்து குடுப்பாங்களா?"

"அதுக்கு மருந்து இல்ல சாஹேரா. மூச்சு விட உதவுவாங்க. வலிப்பு வந்தா அடக்கப் பாப்பாங்க."

"மருந்தும் இல்ல. அப்ப குடிக்காதேன்னு சொல்றது ஒண்ணுதான் இருக்கு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அந்த ஒண்ணையும் சொல்லாம இருக்கத்தான் இத்தனை வருஷம் படிச்சீங்களா?" என்றாள் சாஹேரா.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. பிள்ளை இன்னும் பதநீர் வேண்டும் என்று சொம்பைக் கையில் எடுத்தான்.